28 ஜெயித்தும் வெளியேதான்: மிட்-மேஜர் அணிக்கு மார்ச்சில் இடம் கிடைக்குமா என்று கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், இந்தக் கணக்கு ஆரம்பித்துவிடும். டிவியில் அதிகம் காட்டாத ஒரு சின்ன அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி இருபத்தைந்து ஆட்டத்தில் இருபத்திரண்டு ஜெயித்திருக்கும், ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் "இந்த வருஷம் உள்ளே போயிட்டோம்" என்று பேச ஆரம்பிப்பார்கள், மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டிவி முன்னால் உட்கார்ந்து, தேசிய டோர்னமென்டுக்குத் தேர்வான 68 பெயரும் வாசித்து முடித்த பிறகும் தங்கள் பெயர் வரவில்லை என்றதும் வாயடைத்துப் போவார்கள். 2024-ல் இந்தியானா ஸ்டேட் கட்டாயம் உள்ளே போகும் என்று நண்பனோடு பிரியாணி பந்தயம் கட்டித் தோற்றவன் நான். கீழே வருவதில் பாதி நானே செய்த தவறுகள்.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தில் முதல் பிரிவில் 360-க்கும் மேல் அணிகள் இருக்கின்றன. அவை கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸாக, அதாவது தனித்தனி லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன. மார்ச்சில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ நடத்தும் டோர்னமென்டுக்கு 68 பேர் போகலாம். 2025 கணக்குப்படி அதில் 31 இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போகிறது. மீதி 37 இடத்தை 12 பேர் கொண்ட குழு ஒன்று கூடி உட்கார்ந்து நிரப்புகிறது, இதற்குத்தான் அட்-லார்ஜ் என்று பெயர். பணமும் டிவி ஒப்பந்தமும் குவிந்திருக்கும் எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி, பிக் ஈஸ்ட் ஆகிய ஐந்து கான்ஃபரன்ஸ்களுக்கு வெளியே இருப்பவர்களைப் பொதுவாக மிட்-மேஜர் என்கிறார்கள். இதற்கு அதிகாரபூர்வ வரையறை எதுவும் கிடையாது, அந்த ஐந்துக்கு வெளியே இருந்தும் பெரிய பெயர் எடுத்த கொன்சாகாவை அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

சரி, முதல் தவறு, எல்லாரும் செய்வது: ஜெயித்த எண்ணிக்கையைப் பார்த்து நம்புவது. 2018-ல் செயின்ட் மேரிஸ் 28 ஜெயித்து 5 தோற்றது, இடமில்லை. 2016-ல் மான்மவுத் 27-7, இடமில்லை. 2024-ல் என்னுடைய பிரியாணியைக் காவு வாங்கிய இந்தியானா ஸ்டேட் 28-6, மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் லீக் கட்டத்தில் முதலிடம், அவர்களுக்கும் இடமில்லை. அதே வருடம் வர்ஜீனியா 23-10 என்று உள்ளே போய், டேட்டன் ஊரில் நடந்த முதல் கட்ட ஆட்டத்தில் (கடைசியாக அட்-லார்ஜ் இடம் பிடித்தவர்கள் மோதுவது அங்கேதான்) கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றுத் திரும்பியது. இதைப் பார்த்து வயிறெரிந்தால் நியாயம்தான், ஆனால் குழு எத்தனை ஜெயித்தாய் என்று கேட்பதே இல்லை, யாரை எங்கே ஜெயித்தாய் என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் மற்ற கணக்கு எதுவும் போட முடியாது.

இங்கேதான் நெட் வருகிறது. 2018-19 சீசனிலிருந்து பழைய ஆர்பிஐ முறைக்குப் பதிலாக என்சிஏஏ வைத்திருக்கும் தரவரிசை இது. யாரை எங்கே வென்றாய் என்பதும், ஆட்டத்துக்கு ஆட்டம் எவ்வளவு திறமையாகப் புள்ளி எடுத்தாய், எதிராளியை எவ்வளவு கட்டுப்படுத்தினாய் என்பதும் இதில் அடக்கம். "எங்கள் நெட் 28, முதல் 68 பேர் போகலாம், அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்பதுதான் இரண்டாவது தவறு. 2024-ல் இந்தியானா ஸ்டேட்டின் நெட் எண் அச்சு அசல் 28. வர்ஜீனியாவின் எண் 50-ஐத் தாண்டியிருந்தது.

நெட் சேர்க்கைப் பட்டியல் இல்லை, தராசில் வைக்கும் படிக்கல். உன் எண்ணைவிட உன் எதிராளியின் எண்தான் உனக்கு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்தையும் நான்கு குவாட்களாகப் பிரித்து வைப்பது அதை வைத்துத்தான். சொந்த அரங்கத்தில் ஆடினால் நெட்டில் முதல் 30 பேரில் ஒருவரோடு ஆடுவது குவாட் 1. பொது இடத்தில் என்றால் முதல் 50. எதிராளியின் ஊருக்கே போய் ஆடினால் முதல் 75 வரை குவாட் 1-ல் வரும். குவாட் 2 முறையே 75, 100, 135 வரை. குவாட் 3, 160, 200, 240 வரை. அதற்குக் கீழே எல்லாம் குவாட் 4, அங்கே ஜெயித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள், தோற்றால் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

குழு உறுப்பினர் கையில் ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு தாள் இருக்கும், அதில் இந்த நான்கு கட்டங்களும் வரிசையாக இருக்கும். கண் முதலில் போவது மேல் கட்டத்துக்கு. இந்தியானா ஸ்டேட்டின் மேல் கட்டத்தில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை: அலபாமா ஊரில் தோல்வி, மிச்சிகன் ஸ்டேட் ஊரில் தோல்வி, மிச்சம் எல்லாம் தன் கான்ஃபரன்ஸ் ஆட்டம். பலவீனமான அணியை முப்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்தால் நெட் எண் மேலே போகும் (2020-க்கு முன்பு வெற்றி வித்தியாசத்துக்கு 10 புள்ளி உச்சவரம்பு இருந்தது, அதன் பிறகு அந்தக் கூறையே எடுத்துவிட்டார்கள், ஆனால் திறன் கணக்கில் பெரிய வெற்றிக்குப் பலன் இன்னும் உண்டு), மேல் கட்டம் மட்டும் காலியாகவே இருக்கும். எண் அழகாக இருந்து தாள் வெறுமையாக இருப்பதுதான் மிட்-மேஜர்களின் நிரந்தர வியாதி.

இதிலிருந்து பிறப்பது இன்னொரு தவறு, இது கொஞ்சம் நுட்பமானது. "பெரிய அணிக்கு குவாட் 1-ல் ஐந்து வெற்றி, எங்களுக்கு ஒன்றுதான்" என்று ஒப்பிடும்போது எத்தனை வாய்ப்பில் அந்த ஐந்து வந்தது என்று எண்ணாமல் விடுவது. 2025-ல் நார்த் கரோலைனாவுக்கு குவாட் 1-ல் 1 வெற்றி, 12 தோல்வி. பதின்மூன்று முறை சீட்டுக் குலுக்க விட்டிருக்கிறார்கள்! ஒரு மிட்-மேஜருக்கு சீசன் முழுக்க நான்கைந்து வாய்ப்பு கிடைத்தால் பெரிய விஷயம், அதிலும் பாதி எதிராளியின் ஊரில், எதிராளியின் கூட்டத்துக்கு நடுவில். அப்படியும் அந்த வருடம் நார்த் கரோலைனா உள்ளே போனது. அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர்தான் அப்போது குழுத் தலைவர். தன் கல்லூரி பற்றிப் பேசும்போது உறுப்பினர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும் என்பது விதி, இருந்தாலும் ஊர் வாயை மூட முடியுமா? பிறகு அவர்கள் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கிக் காட்டினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது அநியாயம் என்று தெரிந்துகொள்வது ஒன்று, குழு இந்த அநியாயத்தைச் சரிக்கட்டிக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்யாதீர்கள். 2024-25-லிருந்து தாளில் வாப் என்று ஒரு அளவையும் சேர்த்திருக்கிறார்கள்: மதில் மேல் பூனையாக நிற்கும் சராசரி அணி ஒன்று உன் அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும், அதைவிட நீ எத்தனை கூடுதல் என்று பார்ப்பது. வாய்ப்பே கிடைக்காதவர்களுக்கு இது கொஞ்சம் நியாயமான அளவு, நான் இப்போது நெட்டைவிட இதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனாலும் அதே 2025-ல் நடந்ததைப் பாருங்கள். 37 அட்-லார்ஜ் இடத்தில் 33 அந்த ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களுக்குப் போனது. எஸ்இசியிலிருந்து மட்டும் மொத்தம் 14 அணி. மிச்சம் இருந்த நான்கு நியூ மெக்சிகோ, யூட்டா ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், செயின்ட் மேரிஸ். மூன்று மவுண்டன் வெஸ்ட், ஒன்று வெஸ்ட் கோஸ்ட். மிசௌரி வேலி, பிக் வெஸ்ட், சன் பெல்ட், மேக் போன்ற மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பூஜ்யம். "37 இடம் இருக்கிறதே" என்று தொடங்கும் கணக்கு எதையும் நான் இதற்குப் பிறகு நம்புவதில்லை.

நவம்பரை மறந்துவிடுவதும் பெரிய தவறுதான். ரசிகர்கள் கண் திறப்பது பிப்ரவரியில், அணியின் தலையெழுத்து பாதி எழுதப்படுவது நவம்பர், டிசம்பரில், கான்ஃபரன்ஸுக்கு வெளியே யாரோடு ஆடினார்கள் என்பதில். உள்ளூர் லீக்கில் 18-2 எடுத்தாலும் அதில் பெரும்பாலானவை குவாட் 3, 4 என்றால் தாளின் மேல் கட்டம் நிரம்பாது. பெரிய கல்லூரிகள் நல்ல மிட்-மேஜர் ஊருக்கு வந்து ஆடவே மாட்டார்கள், ஏன் வர வேண்டும், ஜெயித்தால் பேரில்லை, தோற்றால் மானம் போகும். மோசமான அணியைக் காசு கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து அடிப்பது அவர்களுக்கு வசதி. ஆகவே சின்ன அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெளியூர் ஆட்டமோ, பல அணிகள் ஒரே ஊரில் கூடும் நவம்பர் டோர்னமென்டோதான். மிசௌரி வேலி அணியான டிரேக் 2024 நவம்பரில் அப்படி ஒரு டோர்னமென்டுக்கு சார்ல்ஸ்டன் போய் மயாமி, ஃப்ளோரிடா அட்லாண்டிக், வாண்டர்பில்ட் மூன்றையும் ஜெயித்தது, அப்புறம் கான்சஸ் ஸ்டேட்டையும் ஓவர்டைமில் ஜெயித்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு: நவம்பரில் ஜெயித்த எதிராளி பிப்ரவரியில் சரிந்து விழுந்தால் உன் வெற்றியின் மதிப்பும் கூடவே சரியும், ஏனென்றால் குவாட் கணக்கில் எதிராளியின் இன்றைய எண்தான் செல்லும், ஆடிய நாளில் இருந்த எண் செல்லாது. உன் அணி சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும் ராத்திரியில்கூட உன் குவாட் 1 வெற்றி குவாட் 2-ஆக மாறலாம். அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள், நம் அணியிடம் தோற்ற அணி எங்கேயோ ஆடினாலும் அதற்காகக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

நல்ல வெற்றி கெட்ட தோல்வியை மறைத்துவிடும் என்று நினைப்பதற்கு மான்மவுத்தைவிட நல்ல பாடம் கிடையாது. நியூ ஜெர்சியில் இருக்கும் சின்னக் கல்லூரி, 2015-16-ல் யூசிஎல்ஏவையும் ஜார்ஜ்டவுனையும் அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார்கள், நோட்டர் டாமையும் யூஎஸ்சியையும் பொது இடத்தில் ஜெயித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் போட்ட கூத்துக்காகவே நாடு முழுக்க ரசிகர்கள் சேர்ந்தார்கள். கூடவே தரவரிசையில் 200-க்குக் கீழே இருந்த அணிகளிடம் மூன்று முறை தோற்றார்கள். கான்ஃபரன்ஸ் இறுதியில் அயோனாவிடம் தோற்றதும் அந்த மூன்றும்தான் பெரிதாகத் தெரிந்தன. பெரிய அணி ஒன்று செவ்வாய்க்கிழமை கேவலமாகத் தோற்றால் சனிக்கிழமை முதல் 20-ல் இருக்கும் யாரையாவது ஜெயித்துக் கழுவிவிடலாம். மிட்-மேஜருக்கு அந்தச் சனிக்கிழமை வராது. இந்தியானா ஸ்டேட் 2024 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில் 23-ஆம் இடத்துக்கு வந்தது, பிற்காலத்தில் பெரும் நட்சத்திரமான லாரி பேர்ட் ஆடிய 1979-க்குப் பிறகு முதல் முறை. அந்தக் கல்லூரி இருக்கும் டெர்ரஹோட் ஊரே கொண்டாடியது. அடுத்த ஆட்டமே இல்லினாய் ஸ்டேட்டிடம் தோல்வி, அதற்கடுத்து சதர்ன் இல்லினாயிடம் தோல்வி. நான் அன்றைக்கே பந்தயத்தை வாபஸ் வாங்கியிருக்க வேண்டும்.

லீக்கில் முதலிடம் வந்தால் ஏதோ உத்தரவாதம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேரடி இடம் என்பது கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் ஜெயிப்பவருக்கு. இரண்டு மாதம் ஓடி முதலிடம் வந்ததற்கு, மூன்று நான்கு நாளில் நடக்கும் ஒரு டோர்னமென்டில் நல்ல வரிசை எண் கிடைக்கும், அவ்வளவுதான். ஐவி லீக் மட்டும் ரொம்ப காலம் லீக் முதலிடத்துக்கே சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தது, 2017-லிருந்து அவர்களும் நான்கு அணி டோர்னமென்ட் வைக்கிறார்கள். இரண்டாம் நிலை டோர்னமென்டான என்ஐடியில் லீக் முதலிடத்துக்குப் பல வருடம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள், 2024-ல் அந்த உத்தரவாதத்தையும் எடுத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று சொல்வோமே, மிசௌரி வேலியில் அதற்கு ஒரு ஊரே இருக்கிறது: கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் நடக்கும் செயின்ட் லூயிஸ். 2024 இறுதியில் டிரேக் 84, இந்தியானா ஸ்டேட் 80. "தோற்றது நல்ல அணியிடம்தானே, நான்கு புள்ளிதானே, குழு புரிந்துகொள்ளும்" என்று நான் அன்று ராத்திரி நண்பனுக்கு நீளமாக மெசேஜ் போட்டேன்.

புரிந்துகொள்ளக்கூடச் செய்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் இருந்தது, அந்த ஒரு வாரத்தை நான் பார்க்கவே இல்லை. உள்ளே வர வழியே இல்லாத அணி ஒன்று தன் கான்ஃபரன்ஸ் டோர்னமென்டை ஜெயித்துவிட்டால், எப்படியும் உள்ளே போக வேண்டிய அந்த கான்ஃபரன்ஸின் நல்ல அணி நேரடி இடத்தை விட்டு அட்-லார்ஜ் வரிசைக்கு வந்து நிற்கும், வரிசையின் கடைசியில் நிற்பவர் கீழே விழுவார். சீட்டுத் திருடர்கள் என்பது இவர்களைத்தான். 2024-ல் ஏசிசியில் பத்தாவது இடத்திலிருந்து வந்த நார்த் கரோலைனா ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. பேக்-12-ல் ஓரிகன். அட்லாண்டிக் 10-ல் டியூக்கேன். அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் யூஏபி. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் டெர்ரஹோட்டில் யாரோ ஒருவர் டிவியை அணைத்திருப்பார். தன் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் முன்கூட்டியே முடிந்துவிடுவதால் மிட்-மேஜர் அணி அந்த வாரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பெரிய அணிகளோ இன்னும் ஆடி இன்னும் வெற்றி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். எனவே மார்ச் முதல் வாரத்தில் "இடம் பிடிக்கும் கடைசி நான்கு அணியில் இருக்கிறோம்" என்று யாராவது கணித்துச் சொன்னால், அதை வெளியே என்றே படித்துப் பழகுங்கள். இரண்டு மூன்று இடம் கூடுதல் இடைவெளி இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய கதையை ஆதாரமாகக் காட்டுவதும் வேலைக்கு ஆகாது. "2006-ல் ஜார்ஜ் மேசனை எடுத்தார்களே, ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி வரை போனார்களே" என்பார்கள். போனார்கள், கனெக்டிகட்டை ஓவர்டைமில் 86-84 என்று சாய்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதே கான்ஃபரன்ஸில் அந்த ஜார்ஜ் மேசனை இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை ஜெயித்த ஹோஃப்ஸ்ட்ராவை அன்று வெளியே வைத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 2011-ல் விசியூ உள்ளே வந்ததற்கே டிவி நிபுணர்கள் கொதித்தார்கள், அவர்கள் டேட்டனில் தொடங்கி ஃபைனல் ஃபோர் போனார்கள். 2019-ல் பெல்மான்ட், ஒஹையோ வேலி இறுதியில் ஜா மொரான்ட்டின் மர்ரே ஸ்டேட்டிடம் தோற்றும் உள்ளே வந்தது, டேட்டனில் டெம்பிளை ஜெயித்தது. அதே வருடம் 28 வெற்றியோடு நின்ற யூஎன்சி கிரீன்ஸ்பரோ வெளியே. குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், எதிரே நிற்கும் போட்டியாளர்களும் வருடா வருடம் வேறு. போன வருடத் தீர்ப்பு இந்த வருட வழக்கில் செல்லாது.

சின்னச் சின்னதாகச் சிலது. இரண்டாம், மூன்றாம் பிரிவு அணிகளை ஜெயித்ததையும் சேர்த்து 25 வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், நெட்டில் அவை கணக்கிலேயே வராது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் எப்படி ஆடினார்கள் என்பதும் முன்பு தனி அளவுகோலாக இருந்தது, இப்போது இல்லை, நவம்பரும் மார்ச்சும் தாளில் ஒரே எடை. அணிக்குத் தகுதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த கல்லூரிகள் சில வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி. 2023-ல் மெர்ரிமாக் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஃபேர்லி டிக்கின்சனை ஒரே புள்ளியில் ஜெயித்தது, காத்திருப்புக் காலம் முடியாததால் சீட்டு தோற்றவர்களுக்குப் போனது. தோற்றுவிட்டு வந்த அந்த ஃபேர்லி டிக்கின்சன், வரிசையில் கடைசியான 16-ஆம் நிலை அணியாக, முதல் நிலையில் இருந்த பர்டூவை 63-58 என்று வீட்டுக்கு அனுப்பியது. இந்த விளையாட்டை விட முடியாமல் நான் பார்ப்பதற்கு இதுபோன்ற நாட்கள்தான் காரணம்.

கடைசியாக ஒன்று, பந்தயம் தோற்ற அன்று நண்பனிடம் நான் சொன்னது: "பரவாயில்லை, எல்லாப் பையன்களுக்கும் இன்னும் ஆட வருஷம் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்." இப்போதைய விதிகளில் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறிய உடனே ஆடலாம், பெயர் எடுத்தவர்களுக்குப் பெரிய கல்லூரிகள் பணமும் தரலாம். இந்தியானா ஸ்டேட் என்ஐடிக்குப் போய், இண்டியானபொலிஸ் ஹிங்கிள் அரங்கத்தில் இறுதிவரை வந்து, சீட்டன் ஹாலிடம் 79-77 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. கோச் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்குப் போனார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடி ஊர் முழுக்கச் செல்லப்பிள்ளையான ராபி அவிலாவும் ஐசேயா ஸ்வோப்பும் அவர் பின்னாலேயே போனார்கள். ரயன் கான்வெல் சேவியருக்கு, ஜேசன் கென்டும் ஜூலியன் லாரியும் டெக்சாஸுக்கு. ஆரம்பத்தில் இறங்கும் ஐந்து பேரில் ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த மார்ச்சில், 2025-ல், கடைசி அட்-லார்ஜ் இடங்களுக்கான முதல் கட்ட ஆட்டங்களில் ஒன்று டேட்டனில் சேவியருக்கும் டெக்சாஸுக்கும் நடந்தது. இந்தியானா ஸ்டேட்டுக்குக் கிடைக்காத அந்த இடத்தில் அந்த அணியின் மூன்று பேர் வேறு வேறு சட்டையில் நின்றிருந்தார்கள்.